நீ இருக்கியா?

மொபைலில் துப்பாக்கி விளையாட்டு ஆடும் பையன்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளும் வார்த்தைகளைத் தொகுத்தால் ஒரு சின்ன அகராதியே போடலாம். அதில் அச்சில் ஏற்றக்கூடியவை குறைவு. அந்தக் குறைவில் ஒன்று ‘பாட்’. “அவன் பாட்டுடா, விடு.” “மூணு பாட்டை வெச்சுக்கிட்டு நான் என்னத்த ஜெயிக்க?” எதிரி கண்ணுக்கு முன்னால் ஓடும்போது சுவரைச் சுடுகிறவன், வீட்டுக்குள் புகுந்து வழி தெரியாமல் மூலையில் முட்டிக்கொண்டு நிற்கிறவன், கூப்பிட்டால் பதில் பேசாதவன், இவர்களுக்கெல்லாம் அந்தப் பெயர்.

ரோபாட் என்ற சொல்லின் வால்தான் பாட். ஆளுக்குப் பதிலாக ஒரு நிரல் நின்று ஆடுவது. பப்ஜி மொபைலில் புதிதாகச் சேர்கிறவரின் முதல் ஆட்டங்களில் எதிரே வருகிற பலர் அந்த விளையாட்டே நிறுத்திவைத்த பாட்கள். வேண்டுமென்றே மோசமாகச் சுடுவார்கள். நாமும் ஜெயித்த சந்தோஷத்தில் மறுநாள் திரும்பி வருவோம். திட்டு அங்கிருந்து வந்ததுதான்.

ஆனால் கோர்ட், கேஸ், கணக்கு முடக்கம் என்று இத்தனை வருடச் சண்டையை இழுத்துவந்த பாட் வேறு வகை. அதை ஆட்டக்காரரே கொண்டுவந்து வைக்கிறார். அது மோசமாக ஆடாது. மரம் வெட்டு என்றால் வெட்டிக்கொண்டே இருக்கும். ஒரே மிருகத்தை ராத்திரி முழுக்க ஆயிரம் தடவை கொல்லும். ஒருதடவைகூட கொட்டாவி விடாது.

நான் பாட் போட்டதில்லை. ஆனால் ஒருமுறை என்னைப் பாட் என்று முடிவு கட்டிவிட்டார்கள். திட்டாக இல்லை, புகாராக. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால் இந்த விதி எதைக் காப்பாற்றப் பார்க்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. எனக்கே அது புரிய ரொம்ப நாள் ஆனது.

*

2005 மார்ச்சில் அமெரிக்காவில் மைக்கேல் டொனெல்லி என்ற நிரலாளர் தன் சொந்த உபயோகத்துக்காக ஒரு மென்பொருள் எழுதினார். ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ வெளிவந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த விளையாட்டில் கீழ்நிலையிலிருந்து மேலே ஏற நாள்கணக்கில் ஒரே மாதிரிச் சண்டைகள் போட வேண்டும். டொனெல்லியின் ‘கிளைடர்’ அதைச் செய்தது. மௌஸை நகர்த்தும், விசைகளை அழுத்தும். எந்த இடத்தில் எதைக் கொல்லணும் என்று சொல்லிவிட்டால் போதும். நாம் சாப்பிடப் போகலாம், சினிமாவுக்குப் போகலாம். திரும்பி வரும்போது நம்ம ஆள் நாலு படி ஏறியிருப்பான்.

அதே வருடம் விற்பனைக்கு விட்டார். விலை 15 டாலரிலிருந்து 25 டாலர் வரை. 2008 செப்டம்பருக்குள் 1,20,000 பேருக்கு விற்று 35 லட்சம் டாலர் வருமானம். விளையாட்டை நடத்திய பிளிசார்ட் நிறுவனம் தன் பக்கக் கணக்கை நீதிமன்றத்தில் சொன்னது: 2004 டிசம்பர் முதல் 2008 மார்ச் வரை பாட்களைப் பற்றி வந்த புகார்கள் 4,65,000. அவற்றைக் கவனிக்க வருடத்துக்கு 9,40,000 டாலர் செலவு.

ஒரு விளையாட்டை விளையாடாமல் இருக்க 1,20,000 பேர் காசு கொடுத்திருக்கிறார்கள். இது அந்த விளையாட்டைப் பற்றியும் ஏதோ சொல்கிறது. மாதச் சந்தா வாங்கும் விளையாட்டுக்கு நாம் மெதுவாக ஏறுவதுதான் லாபம். சலிப்பு அங்கே தெரிந்தே வைக்கப்பட்ட ஒன்று. “இந்தச் சலிப்பு எனக்கு வேண்டாம், மிச்சத்தைக் கொடு” என்று ஒருவர் கேட்டால் அதில் என்ன தப்பு என்று எனக்கும் தோன்றியிருக்கிறது.

தப்பு பக்கத்தில் நிற்கிறவருக்கு நடக்கிறது. கூட்டமாக விளையாடும் இந்த உலகங்களில் ஒரு சந்தை இருக்கிறது. ஒருவர் ரெண்டு மணிநேரம் கையால் வெட்டிய இரும்புத்தாதை இன்னொருவர் வாங்கிக் கவசம் செய்கிறார். ஐம்பது பாட்கள் இருபத்துநாலு மணிநேரமும் தாது வெட்டிக் கொட்டினால் அந்த ரெண்டு மணிநேரத்துக்கு மதிப்பு இல்லாமல் போகும். மிருகத்தைக் கொன்றால் காசு விழும் என்று இருந்தால், பாட் கொல்லக் கொல்லக் காசு பெருகி, சாமான் விலை ஏறும். அதோடு, நல்ல இடமெல்லாம் பாட் பிடித்துக்கொள்ளும். நாம் போய் நின்றால் மீனும் இருக்காது, மரமும் இருக்காது. பாட் வேட்டை நடக்கும் வாரங்களில் கட்டை விலை ஏறிவிட்டதே என்று முணுமுணுக்கிற ‘நல்ல’ ஆட்டக்காரர்களும் உண்டு. அதையும் சொல்லியாக வேண்டும்.

வழக்கு 2010 டிசம்பரில் ஒன்பதாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்போடு ஒரு முடிவுக்கு வந்தது. சட்டம் படித்தவனில்லை நான். இருந்தும் அந்தத் தீர்ப்பை ரெண்டு தடவை உட்கார்ந்து படித்திருக்கிறேன். ‘பாட் போடக்கூடாது’ என்ற விதியை மீறுவது ஒப்பந்தத்தை மீறுவது, பதிப்புரிமையை மீறுவதாகாது என்றார்கள். அது டொனெல்லிக்குச் சாதகம். அடுத்தது அவருக்குப் பாதகம். விளையாட்டின் காவல்நிரலை ஏமாற்றி உள்ளே நுழைகிற சாதனத்தை விற்றது தவறு என்றார்கள்.

அந்த ரெண்டாவது முடிவுக்கு அவர்கள் வந்த வழி எனக்குப் பிடித்திருந்தது. விளையாட்டை மூன்றாகப் பிரித்தார்கள். ஒன்று, நிரல். ரெண்டு, தனித்தனிப் படங்களும் ஒலிகளும். இந்த ரெண்டும் நம் கணினியில் ஏற்கெனவே கிடக்கின்றன, யாரும் பூட்டவில்லை. மூன்றாவது, அந்த உலகத்துக்குள் நடந்து, கேட்டு, பார்த்து, எதிர்ப்படுகிறவர்களைச் சந்திக்கிற நிகழ்நேர அனுபவம். அது சர்வரோடு இணைந்திருக்கும்போது மட்டும்தான் உண்டு. காவல்நிரல் காத்தது அதை.

ஒரு நீதிமன்றம் அனுபவத்தைத் தனியாக எடுத்துவைத்து இதற்குப் பூட்டு உண்டு என்று சொல்கிறது. வேடிக்கை என்னவென்றால், கிளைடர் வாங்கியவர் அந்தப் பூட்டை உடைத்து உள்ளே போகவில்லை. கதவைத் திறந்து தன் பொம்மையை அனுப்பிவிட்டு சினிமாவுக்குப் போய்விட்டார். உள்ளே அவர் பெயரில் ஒரு உடம்பு நடமாடுகிறது. அதைச் சந்திக்கிறவர்கள் யாரையும் சந்திக்கவில்லை.

விதியின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பல விளையாட்டுகளில் எது அனுமதி, எது தடை என்று பிரிக்க ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஒரு விசைக்கு ஒரு செயல். விசையை இடம் மாற்றி வைத்துக்கொள்ளலாம். ஒரே அழுத்தில் பத்து காரியம் நடந்தால் அது விதிமீறல். 2020 கடைசியில் பிளிசார்ட், ஒரே விசையழுத்தத்தைப் பல கணக்குகளுக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் மென்பொருளையும் தடை செய்தது. திறமையை அளக்கிற கணக்கு இல்லை இது. ஒவ்வொரு அசைவுக்கும் பின்னால் ஒரு விரல் இருக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி.

*

விரல் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கணினிக்குள் எட்டிப் பார்ப்பது ஒரு வழி. பிளிசார்டின் காவல்நிரலுக்கு ‘வார்டன்’ என்று பெயர். 2005 இல் வந்தது. வந்ததும் கிளைடர்காரர்கள் பெரும்பாலும் மாட்டினார்கள். டொனெல்லி மாற்றி எழுதினார். மாட்டாமல் இருக்க மாதம் ஐந்து டாலருக்குத் தனிச் சந்தாவும் விற்றார். அதே வருடம் கிரெக் ஹோக்லண்ட் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் வார்டனைப் பிரித்துப் பார்த்து, அது கணினியில் திறந்திருக்கும் மற்ற சன்னல்களின் தலைப்புகளையும் படிக்கிறது என்று எழுதினார். மின்னணு எல்லைப்புற அறக்கட்டளை அதை உளவுமென்பொருள் என்றே சொன்னது. 2020 இல் ‘வாலரன்ட்’ விளையாட்டோடு வந்த ‘வேன்கார்ட்’ இன்னும் ஒரு படி மேலே. கணினியைப் போட்ட உடனே இயங்குதளத்தின் அடிமட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பாட் போடாதவன் வீட்டிலும் வாட்ச்மேன் குடியிருக்கிறான்.

கண்டுபிடித்த அன்றே தண்டிப்பதும் இல்லை. இன்று பிடித்து இன்றே தடை செய்தால், எதை வைத்துப் பிடித்தார்கள் என்று பாட் எழுதுகிறவருக்குத் தெரிந்துவிடும். அதனால் வாரக்கணக்கில் பட்டியல் சேர்த்து ஒரே நாளில் அத்தனை பேரையும் வெட்டுவார்கள். தடை அலை என்று பெயர். “ரெண்டு வாரமா ஓட்டுறேன் மச்சான், ஒண்ணும் ஆகல” என்று சொல்கிறவருக்கு இது தெரியாது. அவர் பெயர் முதல் நாளே பட்டியலில் ஏறியிருக்கலாம். மூன்று வருடம் கையால் வளர்த்த கணக்கு, ஒரு வாரத் தூக்கத்துக்காகப் போகும். கேட்கவும் முடியாது. நாம் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று படிக்காமல் அழுத்திய பக்கத்தில், கணக்கு நமக்குச் சொந்தமில்லை, பயன்படுத்த அனுமதி மட்டுமே என்று எழுதியிருக்கும்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. நிறைய பாட் நிரல்கள் நம் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும். கள்ளச்சாவி செய்கிறவனிடம் நம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போவது மாதிரி இது. கணக்கைத் திருடுவதற்கென்றே பாட் வேஷத்தில் சுற்றும் நிரல்கள் எக்கச்சக்கம். போலீஸிலும் சொல்ல முடியாது, நிறுவனத்திடமும் சொல்ல முடியாது. தென் கொரியாவில் 2016 இல் சட்டத்தைத் திருத்தி, இப்படிப்பட்ட நிரல்களைச் செய்து பரப்புவதையே குற்றமாக்கிவிட்டார்கள்.

*

கணினிக்குள் எட்டிப் பார்க்காமல், ஆட்டத்துக்குள்ளேயே கேட்டுப் பார்ப்பது இன்னொரு வழி. இதில் எனக்குத் தெரிந்து அழகான முயற்சி ‘ரூன்ஸ்கேப்’ செய்தது. 2001 இல் இங்கிலாந்தில் தொடங்கிய விளையாட்டு. அப்போது பிரவுசரிலேயே ஓடியது, இலவசமாகவும் ஆடலாம், ஓட்டை கம்ப்யூட்டரிலும் வந்தது. உலகம் முழுக்க ஏழைப்பட்ட பையன்கள் அங்கே இருந்ததற்குக் காரணம் அதுதான்.

அங்கே நீங்கள் பாட்டுக்கு மரம் வெட்டிக்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒரு அம்மா தட்டு நிறையப் பலகாரத்தோடு பக்கத்தில் வந்து நிற்பார். சாண்ட்விச் அம்மா. இன்னதை எடுத்துக்கோ என்பார். அதைச் சரியாக எடுத்தால் தின்னக் கிடைக்கும். கண்டுகொள்ளாமல் வெட்டிக்கொண்டே இருந்தால் அடித்துத் தூக்கி வேறெங்கோ போட்டுவிடுவார். இதே மாதிரி வினாடி வினா நடத்துகிறவர், புதிர்ப்பாதைக்குள் தள்ளிவிடுகிறவர் என்று பலர். எல்லோரும் வெவ்வேறு வேஷத்தில் கேட்டது ஒரே கேள்வி: நீ இருக்கியா? பின்னால் பாட்களும் இந்த அம்மாவுக்குப் பதில் சொல்லப் பழகிக்கொண்டன. தொந்தரவுதான் மிச்சம் என்று விளையாட்டும் இதைக் கட்டாயமில்லாமல் ஆக்கிவிட்டது.

2007 டிசம்பர் தொடங்கி அதே விளையாட்டு கடுமையான ஒன்றைச் செய்தது. பாட் வைத்துக் காசு சேர்த்து நிஜப் பணத்துக்கு விற்கிறவர்களைத் தடுக்க, ஒருவர் இன்னொருவருக்குக் கொடுப்பதும் வாங்குவதும் ஏறக்குறைய சம மதிப்பில் இருக்க வேண்டும் என்றார்கள். வைல்டர்னஸ் என்ற காட்டுப்பகுதியில் ஒருவரையொருவர் கொன்று பொருளைப் பறிப்பதையும் நிறுத்தினார்கள். காசு விற்பவர்களுக்கு அடிதான். கூடவே, நண்பனுக்கு ஒரு வாள் இனாமாகக் கொடுக்கவும் முடியாமல் போனது. மூன்று வருடம் கழித்து வாக்கெடுப்பு வைத்தார்கள். பத்து லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் விழுந்தன. பத்தில் ஒன்பது பங்கு பழையபடி வேண்டும் என்றது. 2011 பிப்ரவரியில் திருப்பிக் கொடுத்தார்கள். பாட்களும் திரும்பி வந்தன. அந்த அக்டோபரில் பெரிய வேட்டை ஒன்று நடத்த வேண்டியதாயிற்று.

பரிசு கொடுக்கிற சுதந்திரமும் பாட்டும் ஒரே வாசல் வழியாக வருகின்றன. ஒன்றை அடைத்தால் இன்னொன்றும் நிற்கும். அந்த வாக்களித்த ஜனம் இதைத் தெரிந்தேதான் வாசலைத் திற என்றது என்று நினைக்கிறேன்.

*

இப்போது என் கதை. விளையாட்டின் பெயர் வேண்டாம். 2010, கோவில்பட்டி, பதினொன்றாம் வகுப்பு. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து பிரவுசிங் சென்டரில் மணிக்கு 15 ரூபாய். நான் இரும்பு வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரே பாறை, அது தீர்ந்தால் பக்கத்துப் பாறை, திரும்ப முதல் பாறை. காசு கொடுத்து வாங்கிய ஒரு மணிநேரம், அதில் ஒரு நிமிஷத்தையும் வீணாக்கக் கூடாது என்று ஆடினேன். வேடிக்கை பார்க்க, ஊர் சுற்ற, அரட்டை அடிக்க எனக்கு நேரம் கட்டுப்படியாகாது.

ஒருவன் பக்கத்தில் வந்து நின்றான். தலைக்கு மேல் ஏதோ எழுத்து ஓடியது. நான் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சென்டர் அண்ணன்தான் பின்னாலிருந்து, “ஏலே, அவன் ஒங்கிட்ட என்னமோ கேக்கான், பாரு” என்றார். படித்தேன். நீ மனுஷனா இருந்தா ஏதாவது சொல்லு என்கிற மாதிரி இருந்தது. அந்த கீபோர்டில் பாதி எழுத்து அழிந்திருக்கும். என் இங்கிலீஷும் ஏறக்குறைய அதே நிலைமை. என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் கட்டி, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, “ஐ ஆம் ஹியர்” என்று அடித்து அனுப்பினேன். நெட் இழுத்து இழுத்து அது திரையில் வந்தபோது அவன் போய்விட்டிருந்தான்.

மறுநாள் உள்ளே போனால் தானியங்கி மென்பொருள் உபயோகித்ததாக ஏழு நாள் முடக்கம். அண்ணனிடம் காட்டினேன். முழுசாகப் படித்தார். “மெஷின்னு நெனச்சுட்டானா ஒன்ன? அப்ப நல்லாத்தான் வேலை பாத்திருக்க” என்று சொல்லிவிட்டு, அன்றைய 15 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்.

என் சித்தி அப்போது தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தாள். பெட்டிக்குள் குச்சி அடைக்கிற வேலை. அவள் கையைக் கொஞ்சநேரம் பார்த்தால் நமக்கே மயக்கம் வரும். ஒரே அளவு, ஒரே வேகம், பேச்சு கிடையாது, நிமிர்ந்து பார்க்கிறது கிடையாது. எண்ணிக்கைக்குக் கூலி என்றால் கை அப்படித்தான் ஆகும். பாட்டைக் கண்டுபிடிக்க வைத்திருக்கும் அடையாளங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாருங்கள். ஒரே இடத்தில் நிற்கும், ஒரே இடைவெளியில் ஒரே காரியத்தைச் செய்யும், நீண்ட நேரம் வேலை செய்யும், கேட்டால் பதில் சொல்லாது. சித்தி நாலிலும் மாட்டுவாள்.

அந்தப் பையன் மேல் எனக்கு இப்போது கோபமில்லை. அவன் விதியைக் காப்பாற்றத்தான் வந்தான். மனுஷன் என்றால் தன் மொழியில், தன் வேகத்தில் பதில் வரும் என்று நினைத்தான். அவ்வளவுதான்.

*

2018 அக்டோபரில் ‘ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்’ மொபைலில் வந்தது. நான் சென்னைக்கு வந்திருந்தேன். கூடுவாஞ்சேரியிலிருந்து கிண்டி வரை தினமும் மின்ரயில், கையில் அந்த விளையாட்டு. வைல்டர்னஸில் பச்சை டிராகன்கள் நிற்கும். கொன்றால் எலும்பும் தோலும் கிடைக்கும், நல்ல விலை போகும். அங்கே எப்போது போனாலும் கூட்டம். பாட்கள் உண்டு. வெனிசுவேலாக்காரர்களும் உண்டு.

வெனிசுவேலாவின் பணம் மண்ணாகிப்போன வருடங்கள் அவை. குறைந்தபட்சச் சம்பளம் மாதத்துக்குச் சில டாலர் என்ற நிலைக்கு இறங்கியிருந்தது. விளையாட்டில் டிராகன் கொன்று சேர்த்த காசை டாலருக்கு விற்றால் அதைவிட அதிகம் கிடைக்கும். ஆயிரக்கணக்கில் வந்தார்கள். விதிப்படி பாட்டும் தப்பு, காசு விற்பதும் தப்பு. ரெண்டுக்கும் ஒரே தண்டனைதான். 2017 இல் சில ஆட்டக்காரர்கள் வெனிசுவேலாக்காரர்களைத் தேடிப்பிடித்துக் கொல்வது எப்படி என்று வழிகாட்டியே எழுதிப் பரப்பினார்கள். பாட்டை வேட்டையாடுவதும் இவர்களை வேட்டையாடுவதும் அவர்களுக்கு ஒரே பொழுதுபோக்காக இருந்தது.

அங்கே ஒருவனோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது. ரெண்டு பேருக்கும் அரைகுறை இங்கிலீஷ். அதனாலேயே பேச்சு சுலபமாக வந்தது. யாரும் யாருக்காகவும் அவசரப்படவில்லை. பகலில் அவன், ராத்திரி அவன் தங்கை, ஒரே கணக்கு, ஒரே கணினி. வெளியிலிருந்து பார்த்தால் அந்தக் கணக்கு தூங்கவே தூங்காது. நான் விளையாட்டாக, உன்னைப் பாட் என்று யாரும் சொல்லவில்லையா என்று கேட்டேன். தினமும் சொல்கிறார்கள் என்றான். பாட்டாக இருந்தால் நல்லதுதான், முதுகு வலிக்காது என்றும் சொன்னான்.

2019 மார்ச் 7 அன்று வெனிசுவேலா முழுக்க மின்சாரம் போனது. நாள்கணக்கில் வரவில்லை. செய்தியில் படித்தேன். டிராகன் இருக்கும் இடத்துக்குப் போனால் அவன் இல்லை. ஒரு வாரத்துக்கு மேல் கழித்து ஒரு காலையில், பல்லாவரம் தாண்டும்போது, அவனிடமிருந்து ஒரு வரி: “வோல்வியோ லா லூஸ்.” தேடிப் பார்த்தேன். கரண்ட் வந்துருச்சு என்று அர்த்தம். 2012 இல் எங்கள் ஊரில் நாளில் பாதிநேரம் கரண்ட் இருக்காது. வந்ததும் தெருவே சேர்ந்து சொல்கிற வாக்கியம் அது. ரயில்பெட்டியில் நின்றுகொண்டு தனியாகச் சிரித்தேன்.

அந்த வருடக் கடைசியில் நண்பர் பட்டியலில் அவன் பெயர் சிவப்பாகிவிட்டது. சிவப்பு என்றால் உள்ளே இல்லை என்று பொருள். ஏன் என்று சிவப்பு சொல்லாது.

அவன் விதியை மீறினான் என்பதை மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. அவன் விற்ற காசும் விலைவாசியைக் கெடுத்திருக்கும். ஆனால் பாட்டோடு அவனை ஒரே பெட்டியில் போட என்னால் முடியவில்லை. விதி கேட்ட கேள்விக்கு அவன் பத்து மணிநேரமும் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் அங்கே இருந்தான். அத்தனை டிராகன்களையும் ஒரு விரல்தான் கொன்றது.

*

ஆட்டக்காரர் மேல் இத்தனை கண்டிப்பாக இருக்கும் விதி, விளையாட்டை நடத்துகிறவர் பக்கம் திரும்பும்போது மென்மையாகிவிடுகிறது. நான் பாட் வைத்தால் ஏமாற்று. அவர்கள் மனிதப் பெயர் வைத்து எனக்கு எதிரே பாட்டை நிறுத்தினால் அது ‘புதியவர்களுக்கான அனுபவம்’. தோற்பதும் ஜெயிப்பதும் வெறும் சந்தோஷம் என்றால் விட்டுவிடலாம். பணம் கட்டி ஆடும்போது?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி உயர் நீதிமன்றம் வரை போனது. இணைய ரம்மியைத் தடை செய்யும் சட்டத்தை எதிர்த்த வழக்கில், திரைக்குப் பின்னால் பாட்கள் ஆடலாம் என்பதும் அரசு சொன்ன காரணங்களில் ஒன்று. 2023 நவம்பரில் வந்த தீர்ப்பு, அந்த அச்சத்துக்குப் போதிய ஆதாரம் வைக்கப்படவில்லை என்றது. ரம்மியையும் போக்கரையும் அந்தத் தடையிலிருந்து விலக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே மொத்தமாகத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. எனக்கு அந்த வழக்கில் நினைவில் நிற்பது ஒரு எளிய விஷயம். திண்ணையில் சீட்டாடும்போது எதிரே இருப்பவர் யார் என்று ஆதாரம் கேட்க வேண்டியதில்லை. பீடி வாசனையே போதும். திரையில் ஆடுகிறவர் அதை நிரூபிக்க வழியே இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்.

நேர்மையாகச் செய்கிற இடமும் இருக்கிறது. சதுரங்கத்துக்கான ‘லிசெஸ்’ தளத்தில் பாட்கள் தாராளமாக ஆடலாம். ஒரே நிபந்தனை, பெயருக்கு முன்னால் பாட் என்று பட்டம் போட்டுக்கொள்ள வேண்டும். அதுவரை ஒரு ஆட்டமும் ஆடாத புதுக் கணக்காக இருக்க வேண்டும். ஒருமுறை பாட் ஆக்கினால் திரும்ப மனிதக் கணக்காக மாற்ற முடியாது. எதிரே இருப்பது நிரல் என்று தெரிந்தே உட்காருகிறோம், தோற்கிறோம், எழுந்து போகிறோம். ஒரு மனக்கசப்பும் இல்லை. மனிதக் கணக்கில் ஒளிந்துகொண்டு நிரலைக் கேட்டு ஆடுகிறவரிடம் தோற்றால் மட்டும்தான் வயிறு எரிகிறது. நகர்த்தல்கள் ரெண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம்.

*

இந்த வருடங்களில் ஒன்று தலைகீழாகிவிட்டது. மொழி மாதிரிகள் வந்த பிறகு, பக்கத்தில் நிற்கும் பாட்டிடம் “நீ மனுஷனா?” என்று கேட்டால் அது தப்பில்லாத இங்கிலீஷில், நகைச்சுவையோடு, உடனடியாகப் பதில் சொல்லும்படி செய்துவிடலாம். சாண்ட்விச் அம்மாவிடம் நலம்கூட விசாரிக்கும். 2010 இல் என்னை விழவைத்த பரீட்சையில் அது முதல் மார்க் வாங்கும். இன்று அந்தப் பையன் திரும்பி வந்தால், எழுத்துப்பிழையோடு தாமதமாக “ஐ ஆம் ஹியர்” என்று சொல்கிறவனைத்தான் மனிதன் என்று நம்புவான். கொஞ்சநாளில் பாட்கள் அந்தப் பிழையையும் போடக் கற்றுக்கொள்ளும்.

அதற்குப் பிறகு எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று எனக்கு ஒரு யோசனையும் இல்லை. கண்விழியைக் காட்டு, ஆதாரைக் காட்டு என்று கேட்பார்கள், பலர் காட்டவும் செய்வார்கள். நான் இன்னும் ஆடுகிறேன். யாராவது ரொம்ப நேரமாக ஒரே பாறையில் நின்று வெட்டினால் பக்கத்தில் போய் நிற்பேன். அந்த விளையாட்டில் தமிழ் எழுத்து வராது, அதனால் இங்கிலீஷ் எழுத்திலேயே “சாப்டாச்சா?” என்று அடிப்பேன். பெரும்பாலும் பதில் வராது. நான் ரிப்போர்ட் அழுத்துவதில்லை. பக்கத்துப் பாறையில் வெட்ட ஆரம்பித்துவிடுவேன். போன மாதம் ஒருநாள், கேட்டு நாலு நிமிஷம் கழித்து, எனக்குத் தெரியாத ஏதோ ஒரு மொழியில் ரெண்டு வார்த்தை வந்தது.